மனசை அரிக்கும் நினைப்பு: நல்லது என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் சபையின் வட்டார வீட்டு ஜெபக்கூட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, குடிவந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும். புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது: "அக்கா, ஒரே நெனப்புதான் சுத்திச் சுத்தி வருது, நிறுத்த முடியல." நிறுத்துவதற்கு அவர்கள் செய்கிற காரியங்களைப் பார்த்தால், ஒரு காலத்தில் நான் செய்தவையே வரிசையாக வந்து நிற்கின்றன. இரவெல்லாம் போனை நோண்டுவது, வேதத்தைத் திறக்காமலே இருப்பது இதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது தப்பு என்று செய்கிறவர்களுக்கே தெரியும்.

நினைப்பை அதட்டி விரட்டுவது

"இது வரவே கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கட்டாயம் வரும். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரை ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொன்னார். நினைப்பு வந்தால் மணி அடிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேலேயே அடித்தார்கள். பிசாசை அதட்டுவது வேறு, செத்துப்போன அம்மாவின் நினைப்பை அதட்டுவது வேறு. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டுச் சட்டி கழுவப் போங்கள்.

புலம்பலை ஜெபம் என்று நம்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும்.

ஒரு தங்கச்சி வந்துகொண்டிருந்தாள். அம்மாவுக்கு இரவில் நெஞ்சு வலி. விடிந்ததும் பார்க்கலாம் என்று படுத்துவிட்டார்கள், விடிவதற்குள் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வரி: "அன்னிக்கு ராத்திரியே காடி (கார்) பிடிச்சிருந்தா." கூட்டத்துக்குக் கூட்டம் முழங்காலில் நின்று அதையே ஆண்டவரிடம் சொல்லி அழுவாள். சுற்றி இருந்தவர்களும் அழுவார்கள். "பாரத்தோட ஜெபிக்கிறா" என்று பாராட்டு வேறு. வேலையை விட்டாள். வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னாலும் அதே பேச்சு. தாங்காமல் தம்பி தைப்பிங்கில் ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அம்மாவை இழந்த வீடு தம்பியையும் இழந்தது. நாங்கள் எல்லாரும் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தோம்.

முழங்காலில் நிற்பதாலேயே அது ஜெபம் ஆகிவிடாது. 77ஆம் சங்கீதத்தின் முதல் பாதியைப் பாருங்கள். அதைப் பாடிய ஆசாப் தேவனைத்தான் நினைக்கிறார், நினைக்க நினைக்க அலறுகிறார், தூக்கம் போகிறது. வரிக்கு வரி நான், என். பத்தாவது வசனத்தில் "இது என் பலவீனம்" என்று தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, கர்த்தர் செய்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குகிறார். அதற்கப்புறம் அந்தப் பாட்டில் 'நான்' தேய்ந்துவிடுகிறது. கடைசி வசனங்களில் கடல், இடி, மோசே, ஆரோன்தான் இருக்கிறார்கள்.

எலியா தீர்க்கதரிசியும் இப்படித்தான். ஓரேப் குகையில் கர்த்தர் "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று இரண்டு தடவை கேட்கிறார். இரண்டு தடவையும் எழுத்து மாறாத அதே பதில்: "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்." நடுவில் காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் மெல்லிய சத்தமும் வந்துபோயும் அந்தப் பதில் அசையவில்லை. கர்த்தர் அவரைத் திட்டவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. முன்னாலேயே தூக்கமும் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தாயிற்று. இப்போது வேலை கொடுக்கப்படுகிறது: போ, ஆசகேலை, யெகூவை, எலிசாவை அபிஷேகம் பண்ணு. அதோடு ஒரு கணக்கும்: நீ ஒருவன் இல்லை, ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள்.

திரும்பத் திரும்ப நினைக்கிற பழக்கம் துக்கத்தைக் கரைக்காது, நீட்டும். 1989இல் கலிபோர்னியாவில் பூகம்பம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், தற்செயலாக, சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம் இந்தப் பழக்கத்தை அளந்து வைத்திருந்தார். ஏழு வாரம் கழித்துப் பார்த்தபோது, முன்பே அசைபோடும் பழக்கம் உள்ளவர்களிடம்தான் சோர்வு கூடுதலாக இருந்தது.

தன்னையே ஆராய்ந்து பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டியவர்களுக்குத் தெரியும், கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். கட்டையில் பட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். ஒரு சீவல் எடுத்தால் அடுத்த மரத்துக்குப் போய்விட வேண்டும்.

அந்தத் தங்கச்சியிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். இடது பக்கம், அன்று இரவு உனக்குத் தெரிந்திருந்தது. வலது பக்கம், பிறகு தெரிந்தது. எழுதி முடித்தபோது அவள் தன்மேல் போட்டிருந்த குற்றமெல்லாம் வலது பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. அது மாரடைப்பு என்பதே செத்த பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரியும். இடது பக்கத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியது: சாயங்காலம் அம்மா மாத்திரையை மறந்ததற்கு வள்ளென்று விழுந்திருக்கிறாள். அது நிஜம். அதை மட்டும், ஒரே தடவை, நான் பக்கத்தில் இருக்க வாய்விட்டு அறிக்கை செய்தாள். அப்புறம் வேலை. பக்கத்து வரிசையில் தனியாக இருக்கிற ஒரு பாட்டியைப் பிரஷர் பார்க்கக் கிளினிக்குக் கூட்டிப்போகிற பொறுப்பு. ஒரே வாரத்தில் சரியாகிவிட்டாள் என்று சாட்சி சொல்ல மாட்டேன். நினைப்பு இப்போதும் வரும். ஆனால் பாட்டிக்கு நம்பர் எடுக்கப் போக வேண்டுமே.

"ஏன் எனக்கு இப்படி?" என்று கேட்டால் ராத்திரி முழுக்கப் பதில் வரும். "இதில் எது என் கையில் இருந்தது, நாளைக்கு என்ன செய்யலாம்?" என்பதற்குப் பதில் சின்னது. அந்தப் பதில் வந்ததும் ஆமென் சொல்லி எழுந்துவிடுங்கள்.

ஒரே பாவத்துக்குத் தினம் மன்னிப்பு

மார்ட்டின் லூத்தர் மடத்தில் இருந்தபோது மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து, அதைக் கேட்கிற குருவான ஸ்டௌபிட்ஸையே களைக்க வைத்தவர். நிம்மதி வந்ததா? இல்லை. அவருக்கே வரவில்லை.

ராத்திரியில் முடிவெடுப்பது

எடுக்காதீர்கள்.

வசனத்தை மாத்திரை மாதிரி நீட்டுவது

இது பக்கத்தில் இருக்கிறவர்கள் செய்யும் தப்பு. ஒருத்தர் உடைந்து பேசும்போது "ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள்னு இருக்கே சிஸ்டர்" என்றால், கவலைப்பட்டதற்காகவும் கவலைப்படுவார்கள். பவுல் அதைச் சிறைக்காவலில் இருந்துகொண்டு, தன் தேவைகளுக்குப் பணம் அனுப்பிய சிநேகிதர்களுக்கு எழுதினார். நீங்களும் முதலில் ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு போங்கள்.

டாக்டரிடம் போவதை விசுவாசக் குறைவு என்பது

பேராக்கில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். மனநல மருத்துவமனை 1911இலிருந்து தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாரையாவது கிண்டல் பண்ண அந்த ஊர்ப் பேரைச் சொன்னாலே போதும். அதனால் தூக்கமே இல்லாமல் கிடந்தாலும் வாய் திறக்க மாட்டார்கள். எலியாவுக்கே முதலில் சாப்பாடும் தூக்கமும்தான் கிடைத்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட். சாகத் தோன்றுகிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை வரை காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555, மனம்விட்டுப் பேசக் கேட்கிற தொண்டு அமைப்பு பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று இன்னமும் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இலேயே நீக்கப்பட்டது.

கிளினிக்குப் போகும்போது துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, சோறு இறங்குகிறதா, வேலைக்குப் போக முடிகிறதா, எத்தனை வாரமாக இப்படி. "மனசு சரியில்ல டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் காஸ்ட்ரிக் மருந்தோடு திரும்பி வருவீர்கள்.