உருளைக்கிழங்கை வைத்து ஒரு உயிரியல் வகுப்பு

உயிரியல் டீச்சராக எனக்கு ஆய்வகத்தைவிடச் சமையலறைதான் அதிகம் கைகொடுத்திருக்கிறது. மைக்ராஸ்கோப் அலமாரிக்குள் பூட்டியே கிடக்கட்டும், பரவாயில்லை. நாலைந்து உருளைக்கிழங்கு இருந்தால் மூன்று பாடம் நடத்திவிடலாம். ஒன்றே ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை: எந்தச் சோதனைக்கும் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கிண்ணம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அது சோதனை இல்லை, வேடிக்கை.

முதலில் சவ்வூடுபரவல், அதாவது செல்லின் மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீர் உள்ளேயும் வெளியேயும் போவது. தோல் சீவிய கிழங்கிலிருந்து விரல் பருமனில், சரியாக 5 செ.மீ. நீளத்துக்குத் துண்டுகள் வெட்டுங்கள். எல்லாம் ஒரே கிழங்கிலிருந்து வரட்டும். தோல் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அது தண்ணீரை எளிதில் விடாது. ஒரு டம்ளரில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் 200 மில்லி தண்ணீரில் மூன்று தேக்கரண்டி உப்பு. துண்டுகளைப் போடும் முன்பே, எது என்ன ஆகும் என்று பிள்ளைகளை நோட்டில் பேனாவால் எழுதச் சொல்லிவிடுங்கள். உப்பு உள்ளே போய்க் கிழங்கு பெருத்துவிடும் என்று அடித்துச் சொல்பவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்களைத் திருத்த வேண்டாம், கிழங்கே திருத்தும்.

ஒரு மணி நேரம் கழித்து எடுத்துத் துணியில் ஒற்றுங்கள். தண்ணீரில் கிடந்த துண்டு விறைப்பாக இருக்கும். வளைத்தால் பட்டென்று உடையும். உப்புநீரில் கிடந்தது ரப்பர் போலத் துவண்டு விரலைச் சுற்றி வளையும், நீளமும் குறைந்திருக்கும். செல்களுக்குள் இருந்த தண்ணீர், சவ்வு வழியாக உப்பு அதிகமுள்ள பக்கம் வெளியேறிவிட்டது. நீள வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான், அதனால் ஸ்கேலைவிடச் சமையலறைத் தராசு நல்லது. துவண்ட துண்டை மறுபடி வெறும் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று யாராவது கேட்பார்கள். கேட்டவரையே செய்ய விடுங்கள்.

அடுத்தது நொதி, அதாவது உயிர்களுக்குள் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதம் போதும். 6 சதவீதமாக இருந்தால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். அதை ஊற்றுவது நீங்களாக இருங்கள், கண்ணில் படக் கூடாது. மூன்று கிண்ணங்களில் பச்சைக் கிழங்குத் துண்டு, அதே அளவு துண்டைத் துருவியது, பத்து நிமிடம் வேகவைத்து ஆறவைத்த துண்டு. பச்சையில் நுரை கட்டும். துருவியதில் இன்னும் வேகமாகப் பொங்கும், ஏனென்றால் நொதி வெளியே வரும் பரப்பு அதிகம். வெந்ததில் ஒன்றும் நடக்காது. கிழங்கில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. கொதிக்கவைத்தால் அதன் வடிவம் குலைந்து வேலை நின்றுவிடும். பொங்குகிற கிண்ணத்தைவிடச் சும்மா இருக்கிற கிண்ணம்தான் எனக்கு முக்கியம். ‘வெந்ததில் ஏன் நுரை வரவில்லை?’ என்ற கேள்வியில்தான் பாடமே தொடங்குகிறது.

துருவியது மிச்சம் இருக்குமே, அதைத் தண்ணீரில் பிசைந்து துணியில் வடிகட்டுங்கள். அடியில் வெள்ளையாகப் படிவது மாவுச்சத்து. அதில் அரைத் தேக்கரண்டி எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். மாவுச்சத்து இருக்கிறதா என்று காட்டுவது அயோடின், பட்டால் கருநீலமாகும். சூட்டோடு விட்டால் நிறம் வராது, ஆறிய பிறகுதான் தெரியும். இனி இரண்டு கிண்ணங்களில் இந்தக் கரைசலைக் கொஞ்சம் ஊற்றுங்கள். ஒன்றில் ஒரு தேக்கரண்டி எச்சில், மற்றதில் அதே அளவு தண்ணீர். இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு சொட்டு வெள்ளைத் தட்டில் எடுத்து அயோடின் விட்டுப் பாருங்கள். எச்சில் கலந்ததில் கருநீலம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் அயோடினின் பழுப்பு மட்டும் நிற்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிட்டது. கரைசல் கெட்டியாக இருந்தால் வகுப்பு நேரத்துக்குள் முடியாது. அவரவர் எச்சில் அவரவர் கிண்ணத்தில் மட்டும்; முகம் சுளிப்பவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம், கணக்கு எழுதும் வேலையைக் கொடுங்கள்.

முட்டைச் சோதனைக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். இரண்டு பச்சை முட்டைகளை வினிகரில் மூழ்கவையுங்கள், மறுநாள் வினிகரை மாற்றுங்கள். ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட் கரைந்து கரியமில வாயு குமிழ்விடும். பிறகு மெல்லிய சவ்வு மட்டும் மிஞ்சும். மெதுவாகக் கழுவி எடை பார்த்து, ஒன்றைக் கெட்டியான சர்க்கரைப் பாகிலும் மற்றதை வெறும் தண்ணீரிலும் ஒரு நாள் விடுங்கள். பாகில் கிடந்தது சுருங்கும், தண்ணீரில் கிடந்தது உப்பும். உருளைக்கிழங்குப் பாடத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள் இந்த முறை சரியாகக் கணிக்கிறார்களா என்று பாருங்கள். முட்டையைத் தொட்டவர்கள் எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். அப்புறம், தட்டோடுதான் தூக்க வேண்டும். உப்பிய முட்டை உடைந்தால் மேசையைத் துடைப்பதிலேயே அடுத்த பீரியட் போய்விடும்.