விலங்கின் ஆங்கிலப் பெயரைத் தோண்டிப் பார்ப்பது எப்படி?

கங்காரு என்றால் 'தெரியாது' என்று அர்த்தம் என நானும் பல வருஷம் எல்லோரிடமும் அளந்துவிட்டவன்தான். ஆஸ்திரேலியாவில் இறங்கிய ஆங்கிலேய மாலுமி கேப்டன் குக் அந்த விலங்கைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டாராம், அங்கிருந்தவர் "தெரியாது" என்றாராம். சுத்தப் பொய். வடகிழக்கு ஆஸ்திரேலியாவின் கூகு யிமித்திர் மொழியில் கங்குர்ரு என்பது ஒருவகைக் கங்காருவின் பெயர். 1770இல் குக்கின் ஆட்கள் கேட்டதைக் கிட்டத்தட்டச் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். 1970களில் ஜான் ஹாவிலண்ட் என்ற மொழியியலாளர் அந்த மக்களிடம் மொழியைப் பயின்றபோது இது உறுதியானது. ஆகவே, கதை ருசியாக இருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், இன்றைய எழுத்துக்கூட்டை நம்பி இறங்காதீர்கள். முள்ளம்பன்றிக்கு ஆங்கிலத்தில் போர்க்குபைன். கடைசியில் 'பைன்' இருக்கிறதே என்று பைன் மரத்தோடு முடிச்சுப் போட்டால் போச்சு. சொற்பிறப்பு அகராதியில் பழைய வடிவத்தைத் தேடுங்கள். பழைய பிரெஞ்சில் போர்க் எஸ்பின். அதற்கும் பின்னால் லத்தீனில் போர்க்குஸ் பன்றி, ஸ்பீனா முள். அட, நம் முள்ளம்பன்றியேதான்! இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியாக அதே பிராணியைப் பார்த்து அதையே சொல்லியிருக்கிறார்கள். இப்படிப் பொருள் ஒத்துப்போனால் ஒன்றிலிருந்து இன்னொன்று வந்தது என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது.

பொருள் நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மானைக் குறிக்கும் 'டீர்' பழைய ஆங்கிலத்தில் எந்த விலங்குக்கும் பொதுப்பெயர். அதன் ஜெர்மன் உறவுச்சொல்லுக்கு இன்றும் விலங்கு என்றுதான் பொருள். நம்ப முடியவில்லையா? வடமொழி 'மிருக'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு விலங்கு, மான் என்ற இரண்டு பொருளும் உண்டு. நமக்கு மிருகம் என்றால் விலங்கு. மிருகசீரிடம் என்ற நட்சத்திரப் பெயரில் மட்டும் மான்தலை ஒளிந்திருக்கிறது.

அகராதி தரும் ஆண்டு, சொல் முதலில் எழுத்தில் கிடைத்த ஆண்டு. பேச்சில் அதற்கு முன்பே புழங்கியிருக்கலாம்.

கடைசியாக, சொல் வந்த வழி. பெருச்சாளிக்கு ஆங்கிலத்தில் பாண்டிகூட். இது தெலுங்கின் பந்திகொக்கு: பந்தி என்றால் பன்றி, கொக்கு என்றால் எலி. (நம் கொக்கு இல்லை, அது பறந்துவிடும்.) அதே பெயரை ஆஸ்திரேலியாவில் பை வைத்த ஒரு சின்னப் பிராணிக்கும் சூட்டிவிட்டார்கள். அது பன்றியும் இல்லை, எலியும் இல்லை.