பழைய ஜாவா கெரிஸ் கைக்கு வந்தால்

முதலில் உப்புத்தாளையும் கம்பி பிரஷ்ஷையும் தூர வையுங்கள். கெரிஸ் கத்தியின் உயிரே பாமோர்தான், அதாவது இரும்போடு நிக்கல் கலந்த உலோகத்தை வைத்து மடித்து மடித்து அடித்ததால் அலகில் ஓடும் வெள்ளிக் கோலம். அதைத் தேய்த்துவிட்டால் போனது போனதுதான்.

எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, கைப்பிடியை மெதுவாகத் திருகி இழுங்கள். பெரும்பாலும் உள்ளே துணியோ முடியோ சுற்றித்தான் செருகியிருப்பார்கள். வரவில்லை என்றால் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள், சுத்தியலால் தட்ட வேண்டாம். அலகின் அடியில் கஞ்சா என்று ஒரு தனித்துண்டு இருக்கும், அதைக் கழற்றவே கூடாது.

ஜாவாவில் துரு இளகத் தேங்காய்த் தண்ணீரில் ஊறவைப்பார்கள், அப்புறம் எலுமிச்சைச் சாறும் பூந்திக்கொட்டை நுரையும் போட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். தினமும் எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் அமிலம் துருவோடு நல்ல இரும்பையும் தின்னும். இரும்பு வெளுத்ததும் நன்றாகக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவிடுங்கள்.

அடுத்தது வாரங்கான், ஆர்சனிக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்த கரைசல். இரும்பு கறுத்து, நிக்கல் மட்டும் வெள்ளையாகவே நிற்க, கோலம் பளிச்சென்று எழும். ஆனால் அது கொடிய விஷம், வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். ஜோக்ஜகார்த்தாவிலும் சோலோவிலும் இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். திரும்பி வந்ததும் மெல்லிசாக எண்ணெய் பூசினால் போதும்.

சரி, வயது? கோலம் தெரிந்த பிறகுதான் அதைப் பற்றிப் பேசவே முடியும். ஜாவாக்காரர்கள் இதை தாங்கு என்பார்கள்: இரும்பின் நயம், கஞ்சாவின் வடிவம், அலகு சாயும் விதம் எல்லாம் பார்த்து மஜாபாஹித், மாத்தரம் என்று பழைய ஜாவா அரசுகளின் பெயரால் காலம் சொல்வது. இது பாணியை வைத்துச் செய்யும் கணிப்பு, பின்னாளில் வந்த கொல்லரும் பழைய பாணியில் அடித்திருக்கலாம். அலகின் வளைவுகளை எண்ணி வயது சொல்ல முடியாது, எந்தக் காலத்திலும் அவை ஒற்றைப்படைதான். அரிப்பும் நம்பகமான சாட்சி இல்லை, அடிக்கடி கழுவினாலே அலகு மெலியும், அமிலத்தில் போட்டுப் பழசாக்கி விற்பவர்களும் உண்டு. ஆண்டு பொறித்த பழைய கெரிஸ் மிக அபூர்வம்: சார்லஸ் க்னாவுட் என்ற டச்சுக்காரரிடம் இருந்ததால் க்னாவுட் கெரிஸ் எனப்படும் கத்தியில் சக ஆண்டு 1264, அதாவது கி.பி. 1342, இருக்கிறது.

உறையை வைத்து அலகுக்கு வயது போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஜோக்ஜகார்த்தா, சுரகர்த்தா (சோலோ) அரசுகள் பிரிந்ததே 1755-இல்தான், அந்த அரண்மனைப் பாணி உறைக்குள் அதைவிடப் பழைய அலகு இருப்பது சாதாரணம். அதனால் அலகு, கைப்பிடி, உறை மூன்றுக்கும் தனித்தனியாகக் காலத்தைக் குறித்து, சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த போட்டோக்களோடு சேர்த்து வையுங்கள்.