கரையில் நிற்பவர்கள் சிரிக்காமல் ட்ரெய்லரிலிருந்து படகை இறக்குவது எப்படி

நடுக்குளத்தில் படகு கவிழ்ந்து மானம் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. படகைத் தண்ணீரில் இறக்குகிற அந்தக் கால் மணி நேரத்தில் மானம் போனவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் எந்தக் குளத்தங்கரையும் ஆளில்லாமல் கிடப்பதில்லை. துணி துவைக்கிறவர்கள், மாடு குளிப்பாட்டுகிறவர்கள், மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள் என்று பத்துப் பேராவது இருப்பார்கள். ட்ரெய்லரில் படகு வருகிறது என்றால் அத்தனை பேரும் எழுந்து வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு யோசனையும் சொல்வார்கள்.

குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்பவர்களுக்கும், தூண்டில் ஆசையில் பதினான்கு அடி ஃபைபர் படகு வாங்கிவிட்டவர்களுக்கும் இந்தப் பதிவு. உங்களிடம் ஒரு பொலேரோவோ ஜீப்போ, இரண்டு சக்கர ட்ரெய்லர், படகின் பின்னால் மாட்டுகிற 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ட்ரெய்லரை வண்டியில் மாட்டுவது, லைட் இணைப்பது எல்லாம் விற்றவரே காட்டித் தந்திருப்பார். குளத்தின் மீன்பிடிக் குத்தகை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். மலைமேல் காரையாறு, சேர்வலாறு பக்கமெல்லாம் நினைக்கவே வேண்டாம். அது 1988 முதல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்.

முதலில் கால்நடையாகப் போய்ப் பாருங்கள்

வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு, வெறுங்காலோடு சரிவில் இறங்கி முட்டளவு தண்ணீர் வரை நடந்து பாருங்கள். மாடு இறங்குகிற சரிவோ சிமெண்ட் போட்ட சரிவோ, எதுவானாலும் எங்கே முடிகிறது என்று காலுக்குத் தெரிய வேண்டும். குளம் நிறைந்திருக்கும்போது இந்தக் கவலை இல்லை. சித்திரை, வைகாசியில் தண்ணீர் உள்வாங்கிய பிறகு சிமெண்ட் முடிந்து கரம்பை, அதாவது குளத்து வண்டல் மண், ஆரம்பிக்கும். மேலே வெடித்துக் காய்ந்து உறுதியாகத்தான் தெரியும். ட்ரெய்லர் சக்கரம் ஏறியதும் அச்சு வரை உள்ளே போய்விடும். அப்புறம் டிராக்டர் வரும் வரை நீங்கள்தான் ஊருக்கு வேடிக்கை.

பாசி எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது பிறகு தேவைப்படும்.

மேட்டிலேயே முடிக்க வேண்டியவை

சரிவில் செய்கிற வேலை ஒன்றுதான்: படகை விடுவது. மற்ற எல்லாமே மேட்டில், சமதரையில், யாரும் அவசரப்படுத்தாத இடத்தில் முடிந்திருக்க வேண்டும். நான் பார்த்த கூத்துகளில் பாதிக்கு மேல் இந்த வரிசை மாறியதால் வந்தவை.

டிரெய்ன் பிளக்கில் தொடங்குங்கள். அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், அடியை ஒட்டி இருக்கும் அந்தச் சின்னத் தக்கை. மழைத்தண்ணீர் வடியட்டும் என்று வீட்டில் கழற்றி வைத்திருப்பீர்கள். நாங்குநேரிப் பக்கம் ஒரு குளத்தில் அண்ணாச்சி ஒருவர் அதை மாட்டாமலே இறக்கிவிட்டார். கரையில் இருந்த பெரியவர் ஒருவர், "வே, படகு தாழுதே" என்றார். "ஆள் ஏறினா தாழத்தான செய்யும்" என்று அண்ணாச்சி பதில் சொல்லிவிட்டுத் துடுப்பைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய செருப்பு இரண்டும் அவர் காலைச் சுற்றி மிதக்க ஆரம்பித்தன. ஓர் அங்குலத் துளை அரையடித் தண்ணீருக்கு அடியில் இருந்தால் நிமிடத்துக்கு முப்பது லிட்டர் போல உள்ளே வரும். இரண்டு மூன்று குடம். பத்து நிமிடத்தில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். படகைக் கழுவியதும் பிளக்கை வண்டிச் சாவியோடு சேர்த்துக் கோத்துவிடுங்கள். சாவியை மறந்து யாரும் குளத்துக்கு வர முடியாது.

அடுத்தது கயிறு. அணியத்து வளையத்தில், அதாவது முன்முனையில் இருக்கிற வளையத்தில், படகின் நீளத்துக்கு இரண்டு மடங்காவது இருக்கிற கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஓர் ஆளின் கையில் கொடுத்துவிடுங்கள். ஆள் இல்லையென்றால் ட்ரெய்லரிலேயே கட்டுங்கள். தண்ணீரில் மிதக்கிற பாலிப்ரொப்பிலீன் கயிறுதான் என் கட்சி. நைலான் உறுதியானதுதான், ஆனால் தண்ணீரில் முங்கி நேராக புரொப்பல்லருக்குப் போய்விடும். கயிறு இல்லாமல் தள்ளிவிட்ட படகு நடுக்குளத்துக்குத் தனியாகப் போவதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். நீந்திப் போய்ப் பிடிக்கப் பையன்கள் போட்டி போடுவார்கள். அப்புறம் பரோட்டா வாங்கிக் கொடுக்க வேண்டியதுதான்.

படகை ட்ரெய்லரோடு சேர்த்துக் கட்டியிருக்கும் பின்பக்கத்து ராட்செட் பெல்டைக் கழற்றுங்கள். கழற்றாமல் போனால் ட்ரெய்லர் தண்ணீருக்குள் போகும், படகு மிதக்காது, அமரத்துக்கு மேலே தண்ணீர் ஏறும். ஓட்டுகிறவருக்குக் காரணம் புரியாது, இன்னும் கொஞ்சம் பின்னால் போவார். முன்பக்கத்து வின்ச்சை, அதாவது கைப்பிடியைச் சுற்றிப் படகை இழுக்கிற உருளையை, மட்டும் இப்போது தொடக் கூடாது. ரோலர் வைத்த ட்ரெய்லரில் வின்ச் கொக்கியை மேட்டிலேயே எடுத்துவிட்டால், சரிவில் திரும்பியதும் படகு தானாக உருண்டு சிமெண்டில் விழும். ஃபைபர் உடைகிற சத்தம் மறக்காது.

எஞ்சினை மேலே தூக்கி லாக் போடுங்கள். ட்ரெய்லர் லைட் இணைப்பைப் பிடுங்குங்கள். இதெல்லாம் முடிந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து முப்பது கிலோமீட்டர் ஓடிவந்த சக்கரத்தின் பேரிங் சூடாக இருக்கும். அதைச் சட்டென்று தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே இழுக்கும். கிரீஸ் பால் நிறமாகிவிடும். சக்கரத்தின் நடுவில் கை வைத்துப் பாருங்கள். சுடாமல் வைத்திருக்க முடிந்தால் இறக்கலாம்.

இன்னொன்று. ட்ரெய்லர் வண்டியிலிருந்து கழன்றிருக்கும்போது யாரையும் படகின் பின்பக்கம் ஏறவிடாதீர்கள். கனமான ஓர் ஆள் அமரத்தில் உட்கார்ந்தால் போதும், ட்ரெய்லரின் மூக்கு மேலே எழும்பிவிடும்.

ரிவர்ஸ்

எனக்குப் பழக அதிக நாள் எடுத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ட்ரெய்லர் இல்லாத வண்டியில் பின்னால் போகும்போது ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ அந்தப் பக்கம் வண்டியின் பின்பகுதி போகும். ட்ரெய்லர் மாட்டினால், வண்டியின் பின்பகுதி போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ட்ரெய்லரின் வால் போகும். இதை மண்டையில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடியுங்கள். அந்தக் கையை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ, ட்ரெய்லரின் வாலும் அந்தப் பக்கம் போகும். வலதுபக்கக் கண்ணாடியில் ட்ரெய்லர் அதிகமாகத் தெரிகிறதா, கையை இடதுபக்கம் நகர்த்துங்கள். அவ்வளவுதான் சூத்திரம்.

இதில் பலரும் மாட்டுவது அளவில்தான். படகு ட்ரெய்லர் குட்டையானது. டிராக்டர் டிப்பரைக் கண்ணை மூடிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கிறவர்கள்கூட இதில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். குட்டையான ட்ரெய்லர் சட்டென்று மடங்கும். ஆகவே கையை இரண்டு விரற்கடை நகர்த்திவிட்டு, ட்ரெய்லர் திரும்ப ஆரம்பித்ததுமே நேராக்கிவிட வேண்டும். திரும்பி முடிக்கட்டும் என்று காத்திருந்தால் வண்டியும் ட்ரெய்லரும் 'ட' எழுத்துப் போல நிற்கும். அந்தக் கோணத்துக்கு வந்துவிட்டால் எந்தப் பக்கம் ஒடித்தும் பயனில்லை. முன்னால் போங்கள், நேராக்குங்கள், மறுபடி வாருங்கள். நாலு தடவை முன்னால் போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது. பம்பரில் ட்ரெய்லர் மூக்கு குத்திய பள்ளம்தான் வருஷக்கணக்கில் கேள்வி கேட்கும்.

அறுவடை முடிந்த ஏதாவது ஒரு களத்தில் வெறும் ட்ரெய்லரோடு ஒரு சாயங்காலம் பழகுங்கள். படகு இல்லாத ட்ரெய்லர் கண்ணாடியில் தெரியாது. இரண்டு பின்மூலையிலும் ஒரு கம்பைக் கட்டி சிவப்புத் துணி சுற்றிவிடுங்கள்.

வழிகாட்ட ஒரே ஓர் ஆள் இருக்கட்டும். "ஒடிங்க ஒடிங்க" என்று ஒருவரும் "நேரா வாங்கண்ணாச்சி" என்று இன்னொருவரும் கத்தினால் நீங்கள் இரண்டையும் செய்வீர்கள். அந்த ஓர் ஆளும் உங்களைப் பார்த்து நிற்பதால் அவருடைய இடது உங்கள் வலது. நாங்கள் இப்போது இடது வலதையே விட்டுவிட்டோம். "மடைப் பக்கம் கொஞ்சம்", "மறுகால் பக்கம் கொஞ்சம்" என்றுதான் சொல்வது. கரையில் எதைப் பார்த்தாலும் தெரிகிற ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கோயில், பனை, மின்கம்பம், எதுவானாலும் சரி.

தண்ணீரில்

ட்ரெய்லர் சக்கரத்தின் அச்சு முங்கி, அமரம் லேசாக ஆட ஆரம்பிக்கும் வரை போனால் போதும். வண்டியின் பின்சக்கரம் தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் விடுங்கள். ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கியே வையுங்கள்.

இங்கேதான் அந்தப் பாசிக் கணக்கு வருகிறது. இந்த வண்டிகளில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும்தான். கியரில் விட்டாலும் பின்சக்கரம்தான் பிடிக்கிறது. அந்தப் பின்சக்கரங்கள்தான் ஈரப் பாசியில் நிற்கின்றன. பிரேக் நன்றாகப் பிடித்திருக்கும், சக்கரம் சுற்றாது, வண்டி அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே காய்ந்த தரையில் நிற்கும் முன்சக்கரங்களுக்குப் பின்னால்தான் முட்டுக் கொடுக்க வேண்டும். நான் பனங்கட்டையை ஆப்பு மாதிரி வெட்டி, கயிறு கட்டி வைத்திருக்கிறேன். கடையில் விற்கிற பிளாஸ்டிக் முட்டு ஈரத் தரையில் வண்டியோடு சேர்ந்து அதுவும் வழுக்கும்.

இப்போது கயிறு ஆள் கையில் இருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு, வின்ச் கொக்கியைக் கழற்றுங்கள். வின்ச் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே செய்யுங்கள். பாரம் இருக்கும்போது பூட்டை விடுவித்துக் கையை எடுத்தால் கைப்பிடி சுற்றுகிற வேகத்தில் மணிக்கட்டு போய்விடும். படகை மெதுவாகத் தள்ளி, கயிற்றால் ஒரு பக்கமாக இழுத்துக் கட்டிவிட்டு, முதல் வேலையாக வண்டியை மேலே ஏற்றிவிடுங்கள்.

ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது விடியற்காலையில் இறக்குவதே நல்லது. பத்து மணிக்கு மேல் கீழ்க்கரையில் இறக்கினால் காற்று படகைத் திரும்பக் கொண்டுவந்து கரைக் கல்லில் மோதும். மேற்குக் கரையில் இறக்கினால் கொண்டுபோய்விடும், ஆனால் கயிறு இருக்கிறதே.

எஞ்சினை இறக்கி, புரொப்பல்லர் முழுக்க முங்கிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கரையில் நின்று "ஓடுதா பாப்போம்" என்று இழுத்துப் பார்க்கிற வழக்கம் வேண்டாம். உள்ளே தண்ணீரை இறைக்கிற ரப்பர் இம்பெல்லர் வறட்டு ஓட்டத்தில் சீக்கிரமே கருகிவிடும். ஸ்டார்ட் ஆனதும் எஞ்சினிலிருந்து மெல்லிசாகத் தண்ணீர் பீய்ச்சுகிறதா பாருங்கள். இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். ஆகாயத்தாமரையும் அமலைச் செடியும் கிடக்கிற குளங்களில் பெரும்பாலும் அடைப்புத்தான். ஆள் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற கில் ஸ்விட்ச் கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும். பெட்ரோல் டேங்க் மூடியில் இருக்கிற காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள். மூடியிருந்தாலும் ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் ஓடும், சரியாக நடுக்குளத்தில் நிற்கும்.

பின்சேர்க்கை 1

திரும்ப ஏற்றும்போது படகு ட்ரெய்லரில் கோணலாகவே உட்காருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ட்ரெய்லரை அதிக ஆழத்துக்கு விடுகிறீர்கள். ஆழம் அதிகமானால் படகு ட்ரெய்லருக்கு மேலே இஷ்டத்துக்கு மிதக்கும், வண்டியை இழுக்கும்போது எங்கே வாய்த்ததோ அங்கே உட்காரும். படகு உட்காரும் பலகைகளில் முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்கு வெளியே தெரியும்படி நிறுத்தி, மீதித் தூரத்தை வின்ச்சால் இழுங்கள்.

பின்சேர்க்கை 2

உவரியிலிருந்து ஒரு தம்பி, கடற்கரையில் இதே முறை சரிப்படுமா என்று கேட்கிறார். சரிப்படாது. ட்ரெய்லரில் படகு அமரம் முன்னாலேதான் தண்ணீருக்குள் போகும். குளத்தில் அது பரவாயில்லை. கடலில் முதல் அலையே அமரத்தைத் தாண்டி உள்ளே கொட்டிவிடும். அணியம் அலையைப் பார்த்து இருக்க வேண்டும். அலை வாங்கும்போது டயருக்கு அடியிலிருக்கும் மணலையும் அரித்துக்கொண்டு போகும், வண்டி நின்ற இடத்திலேயே புதையும். அங்கே மீனவர்கள் டிராக்டர் வைத்து இழுப்பது சும்மா இல்லை. தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்பு, இருக்கிற ஊரில், அதன் மறைவில் அலை அடங்கிய பக்கமாக, அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, டிராக்டரால் இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ட்ரெய்லரை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பேரிங், வின்ச், பெல்ட் பூட்டு மூன்றையும் தனியாகக் கழுவ வேண்டும். எஞ்சினை ஒரு டிரம் நல்ல தண்ணீரில் முக்கிக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். உப்பு உள்ளேயே காய்ந்தால் அடுத்த தடவை அந்தத் தண்ணீர் பீய்ச்சாது.