சர்ஜ் பாதுகாப்புச் சுற்றுக்குக் கோர் வாங்கும்போது எங்கே சறுக்குகிறோம்

சர்ஜ் என்பது மின்னல் போன்றவற்றால் லைனில் ஒரு கணம் பாயும் அதிக வோல்டேஜ். சூப்பர்கெபாசிட்டர் (மிக அதிக மின்னூட்டம் தேக்கும் கெபாசிட்டர்) வைத்த சர்ஜ் பாதுகாப்புச் சுற்று சொதப்பினால், பழி முதலில் விழுவது சூப்பர்கெபாசிட்டர் மேல்தான். 2.7 வோல்ட் செல் சர்ஜை எப்படித் தாங்கும் என்ற பயம். 3000 ஆம்பியர் உச்சமுள்ள 8/20 மைக்ரோவினாடி அலை (8 மைக்ரோவினாடியில் உச்சம் தொட்டு, 20-இல் பாதியாகக் குறையும் சோதனை சர்ஜ்) முழுவதும் அதற்குள் பாய்ந்தாலும் கொண்டுவரும் மின்னூட்டம் ஏறத்தாழ 0.06 கூலூம். 1 ஃபாரட் செல்லில் அது 0.06 வோல்ட் ஏற்றம். உள்தடையில் விழும் வோல்டேஜ் தனிக்கணக்கு. என் அனுபவத்தில் கோளாறு பெரும்பாலும் கோரில்தான், அதாவது கம்பி சுற்றும் காந்த உள்ளகத்தில்தான் இருக்கும்.

பெரிய தவறு, எல்சிஆர் மீட்டர் (மிகச் சிறிய கரண்டில் இண்டக்டன்ஸ் அளக்கும் கருவி) காட்டும் எண்ணை நம்புவது. பாதை நீளம் 10 செ.மீ., குறுக்குப் பரப்பு 1 ச.செ.மீ. உள்ள டோராய்டில் (வளையக் கோரில்) கம்பியை 5 சுற்று சுற்றுவோம். பெர்மியபிலிட்டி (காந்தப்புலத்தை எவ்வளவு எளிதாக ஏற்கிறது என்ற அளவு) 2000 உள்ள ஃபெரைட் என்றால் சுமார் 63 மைக்ரோஹென்ரி. 60 உள்ள சென்டஸ்ட் (இரும்பு-சிலிக்கன்-அலுமினியக் கலவை) பவுடர் கோரில் 2 மைக்ரோஹென்ரி கூட வராது. கை தானாக ஃபெரைட் பக்கம் போகும். நானும் போயிருக்கிறேன்.

ஆனால் ஃபெரைட் சுமார் 0.4 டெஸ்லாவில் சாச்சுரேட் ஆகிவிடும் (அதற்கு மேல் காந்தப்புலத்தை ஏற்காது), சூடேறினால் அதற்கும் முன்பே. இந்த 5 சுற்றுக்கு அந்த எல்லை வெறும் 3 ஆம்பியர் சொச்சம். வைண்டிங் லைனோடு தொடராக இருப்பதால், சர்ஜ் வரும் முன்பே சாதாரண லோடு கரண்டே கோரை நிரப்பிவிடும். அப்புறம் அது கம்பிச் சுருள்தான். பவுடர் கோரோ 100 ஆம்பியரிலும் தன் இண்டக்டன்ஸில் பாதிக்கு மேல் வைத்திருக்கும். துகள்களுக்கிடையே இடைவெளி பரவிக் கிடப்பதால் திடீரென்று கைவிடாமல் மெல்லத் தளரும். ஃபெரைட்தான் வேண்டுமா, சரி, இ-கோர் (E வடிவத் துண்டுகள் சேர்ந்த கோர்) எடுத்து நடுவே ஏர் கேப் (காற்றிடைவெளி) விடுங்கள்.

நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் நிஹால் குலரத்ன குழு உருவாக்கிய சூப்பர்கெபாசிட்டர் சர்ஜ் பாதுகாப்பு அமைப்பில் ஒரே கோரில் இரண்டு வைண்டிங்குகள்: ஒன்று லைனில், மற்றது சூப்பர்கெபாசிட்டர்-ரெசிஸ்டர் கிளையில். இதில் முனை மாற்றி இணைத்தால் லோடு பக்கம் வோல்டேஜ் குறைவதற்குப் பதில் கூடும். சுற்றும்போதே தொடக்க முனையில் அடையாளம் போடுங்கள்.

கையில் இருக்கிறதே என்று காமன் மோட் சோக்கை (இரு கம்பியிலும் ஒரே திசையில் வரும் இரைச்சலைத் தடுக்கும் சுருளை) போடுவதும் வீண். லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வரும் சர்ஜுக்கு அதன் இரு வைண்டிங்குகளின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அடித்துவிடும். மிஞ்சுவது லீக்கேஜ் இண்டக்டன்ஸ் (வைண்டிங்குகள் முழுதாக இணையாததால் மிஞ்சும் சிறு அளவு) மட்டுமே. பழைய பவர் சப்ளையில் கழற்றிய டோராய்டை நிறம் பார்த்து முடிவு செய்வதும் அப்படித்தான், எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே நிறக்குறியைப் பின்பற்றுவதில்லை.

டேட்டாஷீட்டில் முதலில் தேட வேண்டியது, ஆம்பியர்-சுற்று (கரண்டையும் சுற்று எண்ணிக்கையையும் பெருக்கியது) ஏற ஏற பெர்மியபிலிட்டி எவ்வளவு சரிகிறது என்ற வளைவை. அது இல்லாத கோரை நான் வாங்குவதில்லை.