எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா?

பெங்களூரு அல்சூரில் நான் குடியிருந்த தெருவில் ஒரு பிஜி, அதாவது பேயிங் கெஸ்ட் விடுதி, வாசலில் பெரிய போர்டு: “லேடி’ஸ் பிஜி”. எல், ஏ, டி, ஒய் எழுதி, மேலே ஒரு அப்பாஸ்ட்ரபி (’ என்கிற குறி) போட்டு, அதற்கப்புறம் எஸ். இங்கிலீஷ் இலக்கணப்படி படித்தால் மூன்று மாடியும் ஒரே ஒரு பெண்மணிக்காம். எதிர்க் கட்டடத்தில் “ஜென்ட்’ஸ் பிஜி”, அங்கேயும் ஒருத்தர்தான். இந்த ஊர் வாடகையில் கொடுத்து வைத்தவர்கள்!

சிரித்துவிட்டுப் போயிருப்பேன், ஆனால் அதே வாரம் ஆபீஸில் மூன்று கிளையன்ட்கள் சொன்ன குறைகளைத் தொகுத்து மெயில் அனுப்பும்போது தலைப்பில் “கிளையன்ட்’ஸ்” என்று போட்டுவிட்டேன். “எந்த கிளையன்ட்?” என்று பதில் வந்தது.

இதில் காதை நம்பினால் மோசம் போவோம். கேர்ள்ஸ், கேர்ள்’ஸ், கேர்ள்ஸ்’ மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒரே சத்தம். தமிழில் அப்படியில்லை: பெண்கள், பெண்ணுடைய, பெண்களுடைய என்று மூன்றும் தனித்தனியாகக் கேட்கும். அதனால் சந்தேகம் வந்தால் முதலில் தமிழில் முழுசாகச் சொல்லிப் பாருங்கள். நாம் “கள்” போட்ட பிறகுதான் “உடைய” போடுகிறோம், இங்கிலீஷும் அதே வரிசைதான். அங்கே எஸ்தான் “கள்”, அதற்குப் பின்னால் தொங்கும் அப்பாஸ்ட்ரபிதான் “உடைய”. “கள்” இல்லாமல் “உடைய” மட்டும் வந்தால் அப்பாஸ்ட்ரபி முதலில், எஸ் பிறகு.

இரண்டுக்கும் உதாரணம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் செயின்ட் மார்க்’ஸ் ரோட்டுக்குப் போங்கள். மார்க் ஒரே புனிதர், அதனால் எஸ்ஸுக்கு முன்னால். அதே ரோட்டில் உள்ள பிஷப் காட்டன் கேர்ள்ஸ்’ ஸ்கூலில் படிப்பவர்கள் பலர், அதனால் எஸ்ஸுக்குப் பின்னால். அந்த பிஜி போர்டிலும் லேடி முதலில் லேடீஸ் ஆக வேண்டும், அதாவது ஒய் போய் ஐ, இ, எஸ் வர வேண்டும், அப்பாஸ்ட்ரபி அதற்கப்புறம்தான். போர்டுகளில் அப்பாஸ்ட்ரபியே இல்லாமல் “லேடீஸ் பிஜி” என்று விட்டாலும் குற்றமில்லை.

எஸ் இல்லாமலேயே பன்மையாகிவிடும் சொற்கள் சில உண்டு: சில்ட்ரன், மென், விமன், பீப்பிள். இவற்றில் “கள்” ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, ஆகவே கடைசியில் அப்பாஸ்ட்ரபியும் எஸ்ஸும். நவம்பர் 14 சில்ட்ரன்’ஸ் டே, ஆனால் செப்டம்பர் 5 டீச்சர்ஸ்’ டே. மதர்’ஸ் டேயில் மட்டும் ஏன் ஒரே அம்மா? அமெரிக்காவில் அந்த நாளைத் தொடங்கிவைத்த அன்னா ஜார்விஸ், ஒவ்வொரு வீடும் தன் அம்மாவைக் கொண்டாட வேண்டும் என்று ஒருமையிலேயே பிடிவாதமாக இருந்தார்.

தமிழே காலை வாரும் இடமும் இருக்கிறது. நாம் “அக்கா கல்யாணம்” என்போம், “அக்காவுடைய கல்யாணம்” என்று யாரும் சொல்வதில்லை. அது அப்படியே லீவ் லெட்டரில் “சிஸ்டர் வெட்டிங்” என்று இறங்கிவிடுகிறது. அதனால்தான் முழுசாகச் சொல்லிப் பாருங்கள் என்றேன்.

ஹோட்டல் மெனுவில் “இட்லி’ஸ்”, “தோசா’ஸ்” என்று போடுவது இதற்கு நேர் எதிர். இட்லிகளுக்குச் சொந்தமாக எதுவும் இல்லை, வெறும் “கள்” தான், அப்பாஸ்ட்ரபிக்கு வேலையே கிடையாது. இட்ஸ் கொஞ்சம் வம்பு பிடித்தது: “அதனுடைய” என்றால் அப்பாஸ்ட்ரபி கூடாது, ஹெர்ஸ், யுவர்ஸ் மாதிரியேதான், அப்பாஸ்ட்ரபி போட்டால் அது “இட் இஸ்” அல்லது “இட் ஹேஸ்” என்பதன் சுருக்கம். ஆங்கிலேயர்களே தடுமாறும் இடம் இது.

கடைசியாக, எஸ்ஸில் முடியும் பெயர்கள். ஸ்ரீனிவாஸ் என்பவருடைய லேப்டாப் என்றால் பெயருக்குப் பின்னால் அப்பாஸ்ட்ரபி மட்டும் போடலாம், அப்பாஸ்ட்ரபியோடு இன்னொரு எஸ்ஸும் சேர்க்கலாம், இரண்டும் வழக்கில் உள்ளவைதான். ஒரே மெயிலில் இரண்டையும் கலக்காதீர்கள், அவ்வளவுதான். ஆனால் தயவுசெய்து “ஸ்ரீனிவா’ஸ்” என்று எழுதி அந்த மனிதரின் பெயரையே நடுவில் வெட்டிவிடாதீர்கள்.