மேல்மாடியில் செய்மதி பிடிப்போம்: இரண்டு குழாய், ஒரு வயர்

லண்டனில் இருக்கிற உறவினர் வீட்டுச் சுவரில் டிஷ் நிமிர்ந்து நின்று தெருவைப் பார்க்கும். யாழ்ப்பாணத்து டிஷ் மல்லாந்து கிடக்கும். ரிவி செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கின்றன. நாங்கள் ஒன்பதே முக்கால் பாகை வடக்கில் இருப்பதால் எங்களுக்கு அவை கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல்.

இன்றைக்குப் பிடிக்கப் போவது ஓடுகிற செய்மதி. ரஷ்யாவின் வானிலைச் செய்மதி மெட்டியோர் எம்2-4, 2024இல் ஏவப்பட்டது. ஏறத்தாழ 820 கிலோமீற்றர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றிக்கொண்டே, மேகப் படத்தை 137.9 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் கீழே அனுப்புகிறது.

குழாயை வெட்டுதல்

எங்கட அன்ரெனா இரண்டு குழாய்தான், ஒவ்வொன்றும் அலைநீளத்தில் கால்வாசி. 300ஐ 137.9ஆல் வகுத்தால் அலைநீளம் மீற்றரில் வரும்: 2.18. அதில் கால்வாசி 54 சென்ரிமீற்றர். உலோகத்தில் கொஞ்சம் குறைத்து வெட்ட வேண்டும், ஆகவே 53.4. பழைய ரிவி அன்ரெனாவின் அலுமினியக் குழாய் வளவு மூலையில் கிடந்தால் அதுவே போதும். இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நுனியைச் சுத்தியலால் தட்டையாக்கி, துளை போட்டுப் பலகைத் துண்டில் ஸ்குரூவால் இறுக்குங்கள். ஒன்றோடொன்று முட்டக் கூடாது. கேபிள் ரிவி வயரின் நடுக்கம்பி ஒரு குழாய்க்கு, வலை மற்றக் குழாய்க்கு. இணைப்பை ரேப்பால் நன்றாகச் சுற்றுங்கள், எங்கட உப்புக்காற்று ஒரு மாரிக்குள் அலுமினியத்தில் வெள்ளை பூக்க வைத்துவிடும்.

கோணம்

இரண்டு குழாய்க்கும் இடையில் 120 பாகை. பாகைமானி தேட வேண்டாம், வெளி நுனிக்கு நுனி 93 சென்ரிமீற்றர் வந்தால் சரி. தரைக்குச் சமாந்தரமாகப் படுக்க வைத்து, திறந்த வாயை வடக்கே காங்கேசன்துறைப் பக்கம் திருப்புங்கள். தெற்கே திருப்பினாலும் பிழையில்லை. செய்மதியின் அலை சுழன்றபடி வருவதால் படுத்த அன்ரெனாவுக்கு அதில் பாதிதான் கிடைக்கும். ஆனால் தரையிலிருந்து வரும் ஒலிபரப்புகளில் நிமிர்ந்து வருபவை பெரும்பாலும் விலகிப்போய்விடும். அந்தப் பேரம் எங்களுக்கு லாபம்.

இரைச்சலைக் குறைத்தல்

புதிதாகத் தொடங்குபவர்கள் தவறவிடுவது இதைத்தான். எனக்கு முதல் மூன்று நாளும் திரையில் வெறும் மழை. வயரை மாற்றினேன், குழாயை மறுபடி அளந்தேன். கடைசியில் பார்த்தால் மாடிப்படியில் எரிந்த மலிவு எல்.ஈ.டி. பல்ப்! அணைத்ததும் செய்மதியின் சமிக்ஞைக் கோடு தெளிந்தது. போன் சார்ஜரையும் கழற்றுங்கள். லப்டொப் பற்றரியில் ஓடட்டும்.

தொலைதூர விண்கலத்தோடு கதைப்பவர்களுக்கும் இதே பாடுதான். 1977இல் போன வொயேஜர் 1இன் ஒலிபரப்பியின் வலு ஏறத்தாழ 23 வாட்ஸ், ஒரு சின்ன பல்ப்பின் அளவு. அதன் குரல் இங்கே வந்து சேர ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கிறது. அதைக் கேட்க நாசா கலிபோர்னியா, மட்ரிட், கன்பரா மூன்றிலும் 70 மீற்றர் டிஷ் வைத்திருக்கிறது. பூமி சுழன்றாலும் ஏதோ ஒன்றின் பார்வையில் விண்கலம் இருக்கும். அந்த டிஷ் பார்க்கும் துண்டு வானம் முழுநிலவின் அகலத்தில் பத்திலொன்றுக்கும் குறைவு. முதல் பெருக்கியின் சொந்த இரைச்சலே சமிக்ஞையை மூடிவிடும் என்பதால் ஹீலியத்தால் அதைக் குளிரவைக்கிறார்கள். நாங்கள் பல்ப்பை அணைக்கிறோம்.

இப்படியான நிலையங்களில் எங்களுக்குக் கிட்ட இருப்பது பெங்களூருக்குப் பக்கத்தில் பியாலாலு. அங்கே இஸ்ரோவின் 32 மீற்றர் டிஷ், சந்திரயான் 1 போன 2008இலிருந்து வேலை செய்கிறது.

கேட்டல்

வயரின் மற்ற முனையை ஆர்.ரி.எல். எஸ்.டி.ஆர். என்ற யூ.எஸ்.பி. குச்சியில் (கணினியோடு வேலை செய்யும் சின்ன வானொலி வாங்கி) மாட்டி, லப்டொப்பில் செருகுங்கள். சற்டம்ப் என்ற இலவச மென்பொருளில் மெட்டியோர் எல்.ஆர்.பி.ரி. 72கே வரிசையைத் தெரிந்து, மீடிறனைப் போடுங்கள். செய்மதி வரும் நேரத்தை அதே மென்பொருள் சொல்லும். அடிவானத்திலிருந்து 30 பாகைக்கு மேல் ஏறும் கடவையை (செய்மதி ஒருமுறை எங்கட வானத்தைக் கடந்து போவதை) மட்டும் எடுங்கள், பனை உயரத்தில் போவதை விட்டுவிடுங்கள்.

வரும்போது மீடிறன் ஏறத்தாழ 3 கிலோஹேர்ட்ஸ் கூடியும், போகும்போது அதேயளவு குறைந்தும் தெரியும். ரயில் ஹோர்ன் கடந்து போகும்போது சத்தம் மாறுமே, அந்தத் தொப்ளர் விளைவுதான். இதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். பெரிய நிலையங்களில் இந்தச் சின்ன மாற்றத்தை அளந்துதான் விண்கலம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் படம் வரிவரியாக இறங்கும், ஒரு புள்ளி ஒரு கிலோமீற்றர். மேகம் இல்லாத நாளில் எங்கட கடனீரேரி கறுப்புத் துண்டாகத் தெரியும். மாத்தறை மேலேயும் பருத்தித்துறை கீழேயும் வந்தால் பயப்பட வேண்டாம்: செய்மதி தெற்கிலிருந்து வடக்கே போயிருக்கிறது. படத்தைத் தலைகீழாகத் திருப்பிவிடுங்கள்.